சாயாதான் எங்கே என்று கேட்டார்கள்

எங்கள் அண்ணன் சாந்த சொரூபி என்று இந்த மலரில் வேறு யாராவது எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். அண்ணனிடம் அடி வாங்காதவர் எங்கள் வீட்டில் அண்ணி ஒருவர்தான். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அவருடைய ஒரே தங்கையான நான் உள்ளதை உள்ளபடி எழுதுவதையே அவர் விரும்புவார். பூசி மெழுகினால் அவருக்குக் கோபம் வரும்.

அண்ணன் காரைக்காலில் பிறந்தார். அப்பாவுக்குச் சைகோனில் எழுத்தர் வேலை கிடைத்தபோது கைக்குழந்தையாகக் கப்பல் ஏறினார். நான் வெகுகாலம் கழித்து இங்கேயே பிறந்தவள். அண்ணன் விவசாயம் படித்து, நகருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் சேர்ந்தார். மற்றவர்கள் எல்லோரும் நெல்லைப் பார்த்தபோது அவர் தினையைப் பிடித்துக்கொண்டார். மலைநாட்டு ஊர்களுக்கு நடந்தே போய், அங்குள்ள பெண்களிடம் பிடி பிடியாக விதை கேட்டு வாங்கி வருவார். காரைக்கால் உறவினர்கள் தபாலில் அனுப்பியதும் அதோடு சேரும்.

"நல்லா வெளையுற தெனை ஒரு காத்துக்குப் படுத்துடும். படுக்காத தெனை கஞ்சிக்குக் காணாது. ரெண்டையும் சேத்து ஒண்ணு உண்டாக்கணும், புள்ள" என்பார். அதனால் எவ்வளவு உதவாக்கரைத் தினையாக இருந்தாலும் தூக்கிப்போட மாட்டார். ஒரே ஒரு நல்ல குணம் அதனிடம் இருந்தால் போதும், ஒரு பிஸ்கட் டின்னில் அதற்கு இடம் உண்டு.

பயிர் ரகங்களுக்கு ஆள் பெயர் போலப் பெயர் வைப்பது நம் பக்கத்து வழக்கம். அண்ணனும் அப்படியே வைத்தார். காற்றுக்கு நிமிர்ந்து நிற்பது சாயாதான். மற்றவற்றுக்கு முன்பே கதிர் தள்ளுவது முந்திவந்தான். கதிர் முழுக்க முள்ளாக இருந்து குருவியை அண்ட விடாதது குருவிதின்னான். எல்லா டின்னிலும் தமிழில் எழுதி ஒட்டியிருப்பார்.

போர் முடிந்து நகரம் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியது. பண்ணையை மூடினார்கள். அண்ணன் டின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். அரிசிக்குப் பதில் பங்கீட்டுக் கடையில் 'போபோ' என்ற கல் மாதிரியான தானியத்தைப் போட்ட காலம் அது. அந்தப் பட்டினியிலும் டின்னைத் தொட்ட கையை ஒடிப்பேன் என்றார். ஒருநாள் நான் ஒரு பிடி எடுத்து வறுத்துவிட்டேன். அன்று வாங்கிய அறையில் கன்னம் வீங்கி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

இந்த வீட்டில் தானியம் பதுக்கியிருக்கிறார்கள் என்று யாரோ வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் நான்கு பேர் வந்தார்கள். அலமாரியை உடைத்தார்கள். தலையணைகளைக் கிழித்தார்கள். டின்களுக்குள் தங்கம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டினார்கள். இத்தனை வருடம் தனித்தனியாகக் காப்பாற்றிய விதையெல்லாம் ஒரே குவியலாகிவிட்டது. தடுக்கப் போன அண்ணியை ஒருவன் தள்ளினான். அண்ணன் அவன் கழுத்தைப் பிடித்துவிட்டார். துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் இடித்தார்கள். இரண்டு பல் தினைமேல் விழுந்தது. அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஒருவன் மட்டும் நின்று, காலி டின்களைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணி வியட்நாமியர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான்தான் படித்து அவர்கள் மொழியில் பொருள் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ரகம்' என்ற அவர்கள் சொல்லைப் போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சாயாதான் என்றால் நம் காதுக்கு ஓர் ஆள் அல்லவா? நடுக்கத்தில் நான் ஆண்களை மரியாதையாகச் சொல்லும் 'ஓங்' என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். தலை சாய்க்காத ஐயா. முன்கூட்டியே வந்துவிட்ட ஐயா. குருவி தின்னாத ஐயா. ஏதோ தலைமறைவுக் கூட்டத்தின் பெயர்ப் பட்டியல் என்று எண்ணி அவன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு போனான்.

"தலை சாய்க்காத ஐயா எங்கே ஒளிந்திருக்கிறார்?" என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள். "வீட்டுத் தரையில் கிடக்கிறான்" என்றாராம். அதற்கு வலது கை ஆள்காட்டி விரலை ஒடித்தார்கள். "முன்கூட்டியே வந்துவிட்ட ஐயா?" "அவனும் தரையில்தான்." அதற்கு அடுத்த விரல். அவர் உண்மையைத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல அடித்தார்கள். பண்ணையின் பழைய ஊழியர் ஒருவர் வந்து, அவை தினையின் பெயர்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகே விட்டார்கள். அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கூட்டி அள்ளி வைத்திருந்த சாக்கைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "தெனையப் போயி ஆளுன்னு எவன் அவனுங்களுக்குச் சொன்னான்?" என்று கத்தினார்.

"தெரியலண்ணே" என்றேன்.

தினை பெரும்பாலும் தன் பூவிலேயே கருத்தரிக்கிற பயிர். குவியலாகக் கலந்தாலும் ஒவ்வொரு மணியும் தன் குணத்தோடுதான் இருக்கும். விதைத்து, வளர்த்து, செடி செடியாகப் பார்த்துப் பிரித்தால் திரும்பக் கிடைக்கும். நகரத்தின் சீனர் பேட்டையான சோலோனுக்கு அப்பால் ஒரு காய்கறித் தோட்டக்காரர் தம் நிலத்தின் ஓரத்தை விட்டுக்கொடுத்தார். முள், தண்டின் நிறம், கதிர் தள்ளும் நாள் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தோம். சில ரகங்கள் திரும்பி வரவே இல்லை. அந்த வரிசைகள் காலியாக இருந்ததைப் பார்த்து அண்ணன் மண்வெட்டிக் காம்பைத் தரையில் அடித்தே உடைத்தார்.

ஒரு முறை கதிர் முற்றியிருந்தபோது யாரோ ஒருவர் புகுந்து அறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஓடிப்போய்த் தோளில் போட்ட போட்டில் அந்த மனிதர் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, பச்சைக் கதிரை மென்றுகொண்டே கிடந்தார். அண்ணன் இன்னொரு அடி ஓங்கி, நிறுத்தி, தம் போபோச் சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்ப்பதற்குத் தினைப்பூ திறக்கும் முன்பே அதன் மகரந்தப் பையை ஊசி முனையால் எடுக்க வேண்டும். பூவோ கடுகளவுதான். வளைந்துபோன விரல்களால் அண்ணனுக்கு ஊசியே நிற்கவில்லை. "நீ கிள்ளு" என்று என்னிடம் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் கிள்ளினேன். பூ நசுங்கினால் முதுகில் ஓர் அறை விழும். எத்தனையோ பருவம் அப்படிப் போயிற்று. கடைசியில் காற்றுக்கு நின்று, முன்பே விளைந்து, குருவிக்கும் தப்பிய ஒரு தினை எங்கள் கைக்கு வந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று அண்ணி கேட்டார். "பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நம்பர் போடு" என்றார் அண்ணன். மீண்டும் திறந்த பண்ணை அதை எண்ணோடுதான் வாங்கிக்கொண்டது. மலைநாட்டில் இன்றும் விளைகிறது.

இங்கே நன்றி சொல்ல வேண்டும். விதை கொடுத்த மலைநாட்டுப் பெண்களுக்கு, நிலம் கொடுத்த தோட்டக்காரருக்கு, எழுதிக் கொடுத்து உயிர் காத்த பண்ணை ஊழியருக்கு, கடைசி மாதங்களில் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் இருந்த உறவினர்களுக்கு, அவர் கோபத்தையெல்லாம் சோறு போட்டே ஆற்றிய அண்ணிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

எனக்கு மட்டும் இன்னொரு நன்றி இருக்கிறது. அண்ணன் கண்ணை மூடுவதற்கு நான்கு நாள் முன்பு, கஞ்சி ஊட்டிவிட்டுச் சொல்லிவிட்டேன். "அண்ணே, அவனுங்ககிட்டப் படிச்சுச் சொன்னது நாந்தான்."

"தெரியும்" என்றார். "ஐயா எங்கேன்னு மரியாதையாக் கேட்டுக்கிட்டே அடிச்சானுங்க. நம்ம வீட்டுல வேற யாரு அப்புடிப் படிச்சுச் சொல்லுவா?"

"அப்பறம் ஏண்ணே என்னை மறுபடி கேக்கல?"

"கேட்டிருந்தா அன்னிக்கே உன்னை அடிச்சுக் கொன்னுருப்பேன். அப்பறம் பூவை எவ கிள்ளுறது?"