இரண்டு கையையும் எடுத்த பிறகு

கையை ஊன்றாமல் ஒரு மனிதரால் எவ்வளவு காலம் உட்கார்ந்திருக்க முடியும்?

சமையல்காரர் கோபாலசுப்பிரமணியன், துலக்கிய எவர்சில்வர் கரண்டியைக் குழந்தையின் கண்ணுக்கு நேரே ஆட்டினார். திருநெல்வேலி டவுணில் ஒரு மாடி வீட்டுக் கூடம். ஏழாவது மாதம் நடக்கும் பெண் குழந்தை, இரண்டு உள்ளங்கையையும் பாயில் ஊன்றித் தவளைபோல உட்கார்ந்திருந்தது. கரண்டியின் பளபளப்பைக் கண்டு ஒரு கையைத் தூக்கியது; தூக்கிய வேகத்தில் பக்கவாட்டில் சரிந்து தாயின் மடியில் விழுந்தது.

"இன்னும் உக்காரலை," என்று கரண்டியைத் துண்டில் சுற்றினார்.

"நாளைக்கு உக்காரைன்னு எல்லார்ட்டயும் சொல்லியாச்சே மாமா," என்றாள் தாய் மஹாலக்ஷ்மி.

"ஊணிண்டிருக்கறது உக்கார்றது இல்லேம்மா. ரெண்டு கையையும் எடுத்தப்புறம் சொல்லியனுப்பு, வரேன்."

குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, உட்கார்ந்தால் உக்காரை, வாசற்படி தாண்டினால் பாயசம் என்பது அந்த ஊர் பிராமண வீடுகளின் வழக்கம். உக்காரைக்குப் பருப்பை வறுத்து அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, வெல்லப்பாகில் நெய் விட்டுக் கிளறி, தெருவுக்கே கொடுப்பார்கள். கிளற நேரமில்லாதவர்கள் இவரைக் கூப்பிடுகிறார்கள். இவருடைய உக்காரை அப்படியொன்றும் அபாரமில்லை; ஏலக்காய் எப்போதும் ஒரு படி தூக்கல். ஆனால் கரண்டியைக் காட்டிச் சோதிக்காமல் அவர் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. இதனால் போன வேலைகளும் உண்டு.

மனைவி இறந்தபின் வீட்டில் அவர் மட்டும்தான். சாப்பிடும்போதுகூடச் சுவரில் சாய்வதில்லை. கூடத்தின் நடுவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடிப்பார். "நூறு பேருக்கு ரசம் வெச்சுடலாம் ஓய். ஒருத்தனுக்கு வைக்கறதுதான் வரமாட்டேங்கறது," என்பார், கேட்க யாராவது அகப்பட்டால்.

ஒரே மகன் ஸ்ரீவத்ஸன் பெங்களூரில் இருக்கிறான். வேறு சாதிப் பெண்ணை அவன் மணந்துகொண்டபோது இவர் போகவில்லை. விசாரித்தவர்களிடம், "அது எங்காத்துக் கல்யாணம் இல்லை," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. பேரன் பிறந்த செய்தியே அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் செல்வமணி சொல்லித்தான் வந்தது. செல்வமணி டவுண் பஸ் ஓட்டுகிறவன். ஸ்ரீவத்ஸனோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

ஒரு சாயங்காலம் அவன் செல்போனோடு இறங்கி வந்தான்.

"மாமா, இங்கன பாருங்க. ஒங்க பேரன் உக்காந்துட்டாம்லா! ஸ்டேட்டஸ் போட்டிருக்கான்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனை வாங்கினார். படம் மங்கும்போதெல்லாம் செல்வமணி விரலால் தொட்டு வெளிச்சம் வரவைத்தான். பையனின் வலது கையில் ஒரு கிலுகிலுப்பை. இடது கை, ஐந்து விரலும் விரிந்து, தரையில் அழுந்தியிருந்தது. அவர் பார்வை அந்தக் கையிலேயே நின்றது.

"ஒரு கையை ஊணிண்டிருக்கான்."

"சின்னப் பிள்ளைட்டயுமா ஒங்க சட்டத்தப் பேசுதிய? போன் போட்டுத் தாரேன், அவன்ட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க மாமா."

"அடுப்புல பால் இருக்கு," என்று உள்ளே போனார். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாடிப்படி வரை நெய்யும் வெல்லமும் மணத்தன. குளித்துத் திருநீறு பூசி, தூக்குவாளியும் கரண்டியுமாக அவர் தெருவில் இறங்கினார். இந்தக் காலத்தில் காலையில் கதவைத் தட்டினால் முதலில் ஜன்னல்தான் திறக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி.

"யாராத்துக் குழந்தை மாமா?"

"எங்காத்துக் குழந்தை. உக்காந்துடுத்து."

ஒரு கரண்டி உக்காரை வைத்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். தெருவைச் சுற்றி அவர் திரும்பியபோது, காக்கிச் சட்டையோடு செல்வமணி படியிறங்கிக்கொண்டிருந்தான். கேட்காமலே கையை நீட்டினான். வாளியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு கரண்டி வைத்தார்.

வாயில் போட்டுக்கொண்டே அவன், "ஏன் மாமா, ஒரு கை தரையிலல்லா இருந்துச்சு?" என்றான்.

அவர் வாளியைச் சாய்த்து, மிச்சத்தையும் வழித்து அவன் கையில் போட்டார்.