தலையில் போடுகிற சட்டை

போன கிழமை எனக்கு ஏறிய எரிச்சலை இந்தப் பத்தியில் கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே சொல்லுங்கள். இரண்டு குட்டிக் கை, ஒரு கழுத்து, சுற்றிவர வெள்ளை லேஸ் சுருக்கு... என்னவென்று நினைப்பீர்கள்? குழந்தையின் ஞானஸ்நானச் சட்டை என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்கிற வீட்டுக்காரர் சினியோர் நீனோ. எழுபது வயது, ஒரு காலத்தில் சினிமா நடிகர். அவருடன் அதே வீட்டில் இருந்த சால்வோ போன வருஷம் இறந்துவிட்டார். "சால்வோவின் அலுமாரியில் இருப்பதையெல்லாம் உங்கள் கோயிலுக்குக் கொடு" என்றார் நீனோ. கொடுத்தேன். அந்தச் சட்டை பகேரியாவில் இருக்கும் என் சிநேகிதி ஜெசிந்தாவின் மகளுக்குப் போனது. ஞானஸ்நானமும் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மனிதர் அலறுகிறார் — "என் தலை லேஸ் எங்கே?"

தலையா?

மெக்சிகோவில் ஸபோடெக் என்றொரு சனமாம். அவர்களுடைய பெண்கள் திருவிழாவுக்குப் பூவேலை செய்த வெல்வெட் சட்டையும் பாவாடையும் உடுத்தி, இந்த லேஸைத் தலையில் வைப்பார்களாம். முகத்தைச் சுற்றி விறைத்துக்கொண்டு நிற்குமாம். கை இருக்குமாம், ஆனால் யாரும் கையை நுழைப்பதில்லையாம். பிறகு எதற்கையா கை?

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு படத்தில் நீனோ அந்த உடுப்போடு ஆடியிருக்கிறார். இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதை. அந்தக் காலத்தில் எந்தத் தியேட்டர்காரனும் படத்தைத் தொடவில்லை. இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள் தேடிப்பிடித்து, சனிக்கிழமை பின்னேரம் போடுகிறார்கள். "சால்வோ மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்தது. அது இல்லாமல் நான் வரமாட்டேன்" என்று போய்ப் படுத்துவிட்டார்.

பகேரியாவுக்கு ஓடினேன். ரயில் வழக்கம்போலப் பிந்தி.

"ஞானஸ்நான உடுப்பை ஆரும் திருப்பிக் கேப்பினமோ? உனக்கென்ன விசரோ?" என்றாள் ஜெசிந்தா.

"அது பிள்ளையின்ரை சட்டை இல்லையடி. பொம்பிளையள் தலையிலை போடுறது."

"அப்ப அந்த மனுசன் ஏன் போடுறார்?"

அரை மணித்தியாலம் விளக்கினேன். தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில், "நானும் படம் பாக்க வாறன். அப்பதான் தருவன்" என்றாள். ஆனால் ஒன்று — அரிசிக்கஞ்சி போட்டு, ஒவ்வொரு சுருக்காக விறைக்க வைத்தவள் அவள்தான்.

சனிக்கிழமை. பிள்ளைகள் மைக்கைப் பிடித்து ஒரு மணித்தியாலம் பேசினார்கள். மரபாம், முன்னோடியாம், எதிர்ப்பாம்... முன் வரிசையில் தலையைச் சுற்றி லேஸ் விரிய உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டார்களா? இல்லை. எழுந்து ஏசிவிடலாமா என்றிருந்தது.

ஒருவழியாகப் படம் தொடங்கியது. ஆட்டக் காட்சி வந்தது. இளம் நீனோ — என்ன வடிவு! — கூட ஆடுகிறவனின் தோளில் முகம் சாய்த்தார். முன் வரிசையில் லேஸ் நடுங்கியது.

ஜெசிந்தா என் காதுக்குள் கேட்டாள்: "கூட ஆடுறவர்தானோ அந்தச் சால்வோ?"

"ஓம்."

"அப்ப இவர் துணையைப் பறிகுடுத்த மனுசனெல்லோ. நீ துக்கம் விசாரிச்சனியோ?"

யாருடைய ஒன்றுவிட்ட மாமனார் செத்தாலும் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போன் போட்டு அழுகிற சனம் நாங்கள். சால்வோவை அடக்கம் செய்த மறுநாள் அந்த வீட்டில் நான் ஜன்னல் துடைத்தேன்.

நீனோவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.