தேனியிலிருந்து கூடலூர் வரை, என்ன எண்ணெய் என்று கேட்டபடி

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குத் தேனி ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் பையில் சாப்பாட்டு டப்பா இல்லை. டப்பா இல்லாமல் நான் ஊர் விட்டு ஊர் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தோட்டம் தோட்டமாகச் சுற்றுவதுதான் முன்பு என் பிழைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஓர் ஓட்டலில் பொடி தோசை சாப்பிட்ட அரைமணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். சோதித்துப் பார்த்ததில் எள், கடலை, சூரியகாந்தி மூன்றும் எனக்கு ஆகாது என்று தெரிந்தது. "கடைகளில் எந்த எண்ணெயில் எது கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே சாப்பிட்டால் விதை எண்ணெய் எதுவுமே வேண்டாம். தேங்காய் எண்ணெய், நெய், அவ்வளவுதான்" என்றார் மருத்துவர். அன்றிலிருந்து சென்னை அலுவலகத்தில் நாற்காலி வேலை.

போன மாதம் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஆள் தேவைப்பட்டது. மாதத்தில் பத்து நாள் அங்கே தங்க வேண்டும். அந்த வேலையை எனக்குக் கேட்டேன். மேலாளர் யோசித்துவிட்டு, "மூன்று நாள் போய்ப் பாருங்கள். சாப்பாட்டுக்கு வழி இருந்தால் இடம் உங்களுக்கு" என்றார். பத்து நாளுக்கு டப்பா கட்ட முடியாது. அதனால் மூன்று நாளும் கடையில்தான் சாப்பிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன். மாத்திரையும் ஊசி மருந்தும் கைப்பையில் இருந்தன.

வாடகைக் காரோடு நிலையத்தில் காத்திருந்தவர் உத்தமபாளையத்துக்காரர் செல்வராஜ். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி எங்கே என்று முதலில் கேட்டேன். பிறகு, தேங்காய் எண்ணெயில் சமைக்கும் கடை ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"தேங்கா எண்ணெயிலயா?" என்று திரும்பிப் பார்த்தார். "தலைக்குத் தேய்க்கிறதை யாருங்க மேடம் சோத்துல ஊத்துவாக?"

தேனிக் கடைவீதியில் நான்கு ஓட்டல்கள் ஏறி இறங்கினோம். முதல் கடையில் கல்லாவில் இருந்தவர் என் கேள்வியைக் கேட்டு முகம் சுளித்தார். "நல்ல எண்ணெதாம்மா ஊத்துறோம்" என்றார். நல்ல எண்ணெயா, நல்லெண்ணெயா என்று கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார். மூன்றாவது கடையில், ஆவியில் வேகும் இட்லிக்கு ஏது எண்ணெய் என்று பரிமாறுபவர் சிரித்தார். உள்ளே எட்டிப் பார்க்க விட்டார்கள். மாஸ்டர் துணிப் பந்தை எண்ணெயில் தோய்த்து இட்லித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் தடவிக்கொண்டிருந்தார். அன்றைய காலை உணவு இரண்டு மலைவாழைப்பழமும் பன்னிரண்டு ரூபாய்த் தேநீரும்.

பகல் ஒன்றரை மணிக்குச் சின்னமனூர். தேனியிலிருந்து இருபத்து மூன்று கிலோமீட்டர். வாழையும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வந்தன; நடுவே தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. ஒரு மெஸ்ஸின் வாசலில் 'மரச்செக்கு எண்ணெயில் சமைத்தது' என்று பெரிய பலகை. உரிமையாளர் பெருமையாகக் கடலை எண்ணெய் டின்னையே தூக்கிக் காட்டினார். வேறு யாராவது வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். நான் வெறும் சோறும் தாளிக்காத தயிரும் கேட்டேன். எண்பது ரூபாய்ச் சாப்பாட்டில் அது மட்டும் போதும் என்றதும், ஏதோ துக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உப்பைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு தோட்டங்களைப் பார்க்கப் போனேன். இரவும் கம்பத்து விடுதியில் தயிர்ச்சோறுதான்.

செல்வராஜுக்குப் பொறுக்கவில்லை. புதன்கிழமை காலை வண்டியை எடுக்கும்போதே சொன்னார்: "கூடலூர்ல ஒரு லீலாக்கா இருக்காக. மலைமேல ஏலக்காத் தோட்டத்துலயே வளந்தவுக. ஜீப்புக்காரவுகளுக்குச் சமைச்சுப் போடுறாக. கேரளாக்காரவுக மாதிரி தேங்கா எண்ணெதான்னு ஃபோன் போட்டுக் கேட்டுட்டேன்."

கம்பத்திலிருந்து கூடலூர் பத்துக் கிலோமீட்டருக்குள். குமுளி மலை ஏறும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளக் கடை. நாலு பெஞ்சு. நாங்கள் போனபோது மணி பன்னிரண்டு. மீன் குழம்பின் மணத்தில் எனக்கு வாய் ஊறியது. சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

லீலாக்கா கரண்டியைக் கீழே வைத்தார். ஐம்பதைத் தாண்டிய, உயரமான பெண். "தேங்கா எண்ணெதான்னு சொல்லியாச்சு. நம்பிக்கை இல்லன்னா எதுக்கு வாரீக?"

திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இதையும் விட்டால் வேறு கடை இல்லை. கைப்பையைத் திறந்து ஊசி மருந்தைக் காட்டினேன். திருச்சியில் நடந்ததைச் சொன்னேன். நாக்கு தடித்தது, பேச வராமல் மேசையைத் தட்டியது, பக்கத்து மேசைக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாவற்றையும். லீலாக்கா முழுதும் கேட்டார். பிறகு உள்ளே அழைத்துப் போய் எண்ணெய் டின்னைக் காட்டினார். தேங்காய் எண்ணெய்தான். தட்டை எடுத்துச் சோறும் போட்டார். குழம்பை அள்ளக் கரண்டியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வேணாம் ஆத்தா" என்றார். "கொழம்புல ஒண்ணுமில்ல. ஆனா அப்பளம் பொரிக்கிறது மட்டும் பாக்கெட்ல வர்ற சூரியகாந்தி எண்ணெ. கொஞ்சம் முந்தி இந்தக் கரண்டியாலதான் அப்பளத்த எடுத்தேன். அப்படியே கொழம்பையும் கிண்டிட்டேன்."

சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. சாப்பிட்டிருப்பேன். சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பசியில் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு வருவீகளா?" என்று கேட்டார். "பதினோரு மணிக்கு வாங்க. புதுச் சட்டி, புதுக் கரண்டி. ஒங்களுக்குப் போட்டப்பறந்தான் அப்பளம்."

வியாழக்கிழமை காலை தேவாரம் என்ற ஊரில் ஒரு தோட்டத்துக்குப் போவதாக இருந்தது. அங்கிருந்த விவசாயிக்கு ஃபோன் செய்து மூன்று மணிக்கு வருவதாக மாற்றிக்கொண்டேன்.

பதினோரு மணிக்குப் போனபோது அடுப்பில் புதிய மண்சட்டி. வைகை அணை மீன், குடம்புளி போட்ட குழம்பு. மரவள்ளிக் கிழங்கு மசித்தது, தேங்காய் துருவிப் போட்ட பயறுத் தோரன், சோறு. நூற்று இருபது ரூபாய். பெஞ்சில் ஏற்கெனவே ஐந்தாறு ஜீப் ஓட்டுநர்கள் இருந்தார்கள். ஒருவர் அப்பளம் எங்கே என்று கேட்டார்.

"இன்னைக்கு லேட்டாகும். இருந்து திங்கிறதுன்னா இரு" என்றார் லீலாக்கா.

"எதுக்குக்கா?"

"இவுகளுக்கு ஆகாது."

அந்த ஓட்டுநர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தட்டில் இருந்த கிழங்கைத் தின்ன ஆரம்பித்தார். வேறு விளக்கம் யாரும் கேட்கவில்லை.

முதல் கவளத்தை விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். செல்வராஜ் கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி எதிரில் நின்றார். பத்து நிமிடம். இருபது நிமிடம். உதடு உதடாகவே இருந்தது. குழம்பு ஆறிப்போயிருந்தது, லீலாக்கா சுடச்சுட மறுபடி ஊற்றினார். ஓட்டுநர்கள் சரக்கு வண்டிகளைப் பற்றியும் மலையில் பெய்த மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே முழங்கை இடிக்க உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கடைசியில் தட்டை வழித்தேன்.

கை கழுவும்போது லீலாக்கா பக்கத்தில் வந்து நின்றார். "மாசம் பத்து நாளாமே, செல்வராசு சொன்னாரு. சட்டிய மேல பரண்ல வச்சிருவேன், வேற யாருக்கும் எடுக்க மாட்டேன். மொதநாளு ஒரு ஃபோன் போட்டுட்டு வாங்க. ராவுக்கும் இங்கனயே கட்டித் தாரேன்."

தேவாரத்துத் தோட்டத்தில் வேலை முடிந்ததும் மேலாளரை அழைத்து, அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அன்று மாலையே தேனியிலிருந்து சென்னைக்குப் பேருந்து.

ஊர் வந்து சேர்ந்தபிறகும் ஒரு விஷயம் மனத்தை விட்டுப் போகவில்லை. என்ன எண்ணெய் என்றே எல்லா இடத்திலும் கேட்டிருந்தேன். எனக்கு என்ன நேர்ந்தது என்று கூடலூரில் மட்டுந்தான் சொன்னேன். லீலாக்காவுக்கு அந்தக் கரண்டி ஞாபகம் வந்தது அதைக் கேட்டபிறகுதான். சென்னையில் எங்கள் தெருவில் ஏழு ஓட்டல்கள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் ஒன்றின் படியைக்கூட நான் மிதிக்கவில்லை. கேட்டால் கேலி செய்வார்கள் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு முதல் கடைக்குள் போனேன். மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்ட நேரம், அப்புறம் வாருங்கள் என்றார்கள்.

"பரவாயில்லை, இருக்கிறேன்" என்று சொல்லி, சமையலறை வாசலுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.