தகரக் கூரைக்குப் பத்து மார்க்கு

எனக்கு எழுபத்துமூன்று நடக்கிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதற்கு மேல் என்றால் எழுத்துக் கூட்டித்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவளுடைய அம்மா, அதாவது என் கடைசிப் பெண், எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தபோது நடந்தது இது. முப்பத்தெட்டு வயதில் நான் பெற்றவள். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று பெற்றேன்.

அப்போது எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற லைன். பத்தொன்பது வருஷம் அதே லைன்தான். வீடு ஒற்றை அறை, மேலே தகரக் கூரை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பெரிய மகன், ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அரிசி டின் இருந்த இடத்தில் வைத்தான். அரிசி டின் கட்டிலுக்கடியில் போயிற்று. தங்கச்சி படிப்பதற்கு என்றான். அவள் படித்தது என்னவோ ஒரு விளையாட்டை.

அந்த விளையாட்டில் சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. ஆட்கள் வீடு கட்டுவார்கள், சமைப்பார்கள், வேலைக்குப் போவார்கள், தூங்குவார்கள். நாள் பூராவும் நாம் செய்கிறதையே பெட்டிக்குள் இன்னொரு தடவை செய்ய வேண்டுமா என்று எனக்கு ஆச்சரியம். ஆட்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். வீட்டுக்கு வீடு நீச்சல் குளம். என் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. பஜாரில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய், விளையாட்டின் உள்ளே கைவைத்து மாற்றுவது எப்படி என்று யார் யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வந்தாள். 'மாட்' செய்கிறேன் என்றாள். விளையாட்டுக்காரன் தராததை நாமே செய்து உள்ளே நுழைப்பதாம்.

அந்த விளையாட்டில் இருந்த ஒரு நைட்டியின் மேல் புள்ளி புள்ளியாக வரைந்து அதைப் புடவை ஆக்கினாள். கொசுவம் முதுகுப்பக்கம் போய்விட்டது. அதை முன்னால் கொண்டுவர ஒரு வாரம். குடியாத்தம் லுங்கியின் கட்டங்களை எண்ணிப் பார்த்து அதே மாதிரி ஒரு லுங்கி. எங்கள் தண்ணீர் டிரம், தகரக் கூரை, கம்பெனியில் கழிக்கிற தோல் துண்டுகளை அடைத்து நான் தைத்த குஷன், எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

ஒரு ஞாயிறு, கோயில் முடிந்து வந்து நின்றேன்.

"அம்மா, வந்து பாரேன். நம்ம வீடு ரெடி."

எதிர்வீட்டுக்காரியும் என் கூடவே வந்து எட்டிப் பார்த்தாள். லுங்கி கட்டிய ஒருவர் டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "அது அப்பா" என்றாள் என் பெண். சொல்லியே இருக்க வேண்டாம். அடுப்பாண்டை ஒரு பெண், என் பச்சைப் புடவையில். அந்த விளையாட்டில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு விளக்கு உண்டு. மனசு நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அவள் தலைமேல் எரிந்தது சிவப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, அச்சு அசல் நீதான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஆனா இன்னாத்துக்கு இப்படி அழுவுற?"

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. முந்தாநாள், வெள்ளிக்கிழமை, பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"நான் அழுததை நீ எப்போடி பாத்த? பாத்ததும் இல்லாம ஊருக்கே படம் போட்டுக் காட்றியா?"

என் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ அழுதியாம்மா?"

அவள் ஒன்றுமே பார்த்திருக்கவில்லை. நானாகத்தான் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினேன். எதிர்வீட்டுக்காரி மெதுவாகக் கழன்றுகொண்டாள்.

மறுநாள் கம்ப்யூட்டரில் அந்த வீடு திறக்கவில்லை. பாதியில் கரண்டை நிறுத்தினால் உள்ளே கெட்டுப்போகுமாம். ஒரு மாச வேலை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவள் திட்டவில்லை. வேலை விட்டு நான் வந்ததும் என் கண்ணைப் பார்த்தாள். தினமும் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நாலைந்து ஞாயிறு கழித்துக் கூப்பிட்டாள். "வாம்மா, இந்த வாட்டி யாரும் இல்ல." கதவையும் சாத்தியிருந்தாள். அதே வீடு, அதே கூரை, அதே டிரம். பச்சைப் புடவைக்காரி குஷன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் பச்சை.

"இன்னாடி பண்ண?"

"நம்பரை மாத்திட்டேம்மா. ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள ஒரு மார்க்கு இருக்கு. இந்த கேமுக்கு நம்ம வீடே பிடிக்கல. தகரக் கூரைன்னா கம்மி, சின்ன ரூம்னா கம்மி, நீச்சல் குளம்னா ஜாஸ்தி. அதனாலதான் அன்னிக்கு அது அழுதுச்சு. நான் அழ வைக்கலம்மா. இது யாரு நம்ம வீட்டுக்கு மார்க்கு போட? கூரைக்குப் பத்து போட்டேன். டிரம்முக்குப் பத்து. உன் குஷனுக்கும் பத்து. அதுக்கு மேல போட முடியல."

"அப்பாவுக்கு?"

"அவருக்கு எதுக்கு? அவரு எப்பவும் பச்சைதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நான் பாத்ரூமில் குழாயைத் திறந்தால் வெளியில் நின்றுகொண்டு, "அம்மா, பச்சையா?" என்று கேட்பாள். "பச்சைதாண்டி, போ" என்பேன். பல நாள் அப்படிக் கேட்டதாலேயே பச்சையாகியிருக்கிறது. எனக்காக ஒருவர் சண்டைக்கு நின்றது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு பெட்டியோடு.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நான் அழுதது வீட்டுக்காக இல்லை. லைனுக்கு என்னைச் சூப்பர்வைசராகப் போடுவதாக இருந்தார்கள். புது மேனேஜர் எல்லோர் முன்னாலும் ஒரு கார்டைக் கொடுத்து, படியுங்கள் என்றார். என்ன அளவு, என்ன நிறம், எத்தனை ஜோடி என்று இங்கிலீஷில் எழுதிய கார்டு. தைத்துக் காட்டச் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தைத்திருப்பேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதை வாங்கிப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவளுக்கு மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் கடகடவென்று படித்தாள்.

கூரையைப் பார்த்துத்தான் அம்மா அழுதாள் என்று என் பெண் நினைத்தாள். கூரையைச் சரி செய்தாள். பதினாலு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்? நானும் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையிடம் போய், படிக்கத் தெரியாமல் அழுதேன் என்று எப்படிச் சொல்வது? பத்து மார்க்கை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

எழுதிட்டியா கண்ணு? எங்க, ஒரு வாட்டி படி, கேக்கலாம். கொஞ்சம் சத்தமா படி. உங்கம்மா அடுப்பாண்டதான் இருக்கா.