மைலுக்கு எத்தனை ராத்தல் கரி

1943ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், காலை ஐந்தரை மணி. மதுரையில் எழுமலை பஸ்ஸின் முன் நானும் என் மனைவி பாக்கியமும் நின்றிருந்தோம். பாக்கியத்துக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது, தலைப்பிரசவம். முறைப்படி மாமனார்தான் வந்து அழைத்துப் போயிருக்க வேண்டும். அவருக்குக் காலில் சுளுக்கு என்றதும், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று வீராப்பாகக் கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். போட்ட நாள் முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை. அவர் ஊர் எழுமலைக்கு முப்பத்துநாலு மைல், அதுவும் கரி பஸ்ஸில்.

கரி பஸ்ஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சண்டை வந்து பெட்ரோலைக் கூப்பனுக்கு அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு, பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதில் அடுப்புக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவிலேயே இஞ்சினை ஓட்டுகிறார்கள். புறப்படுமுன் கண்டக்டர் கால் மணி நேரம் காற்றுச் சக்கரத்தைச் சுற்றியாக வேண்டும். வழியில் கரி தீர்ந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். உசிலம்பட்டிக்கு அப்பால் பொட்டல் காட்டில், வயிற்றுப்பிள்ளைக்காரியோடு நிற்பதை நினைத்து நினைத்தே நான் பாதியாகிப் போனேன்.

ஆகவே பஸ் முதலாளி கேட்ட உதவிக்கு உடனே சம்மதித்தேன். மைலுக்கு எவ்வளவு கரி ஆகிறது என்று சர்க்கார் ஆபீஸுக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டுமாம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவன். அளந்து எழுதிக் கொடுத்தால் ஆளுக்குப் பதினாலணா டிக்கெட் வேண்டாம், கால் நீட்டிக்கொள்ளப் பின் சீட்டு முழுவதும் பாக்கியத்துக்கே என்றார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறேகால் மணிக்கு வண்டி நகர்ந்தது. நாகமலையை வலப்பக்கம் விட்டுப் போகும் அந்த ரோட்டில் புழுதிக்குக் குறைவில்லை. பின்னாலிருந்து கரும்புகை வேறு சுருண்டு சுருண்டு வந்தது. பாக்கியத்தின் மேல் கரி படியக் கூடாது, காற்றும் படக் கூடாது என்று பின்பக்கத்துப் படுதாக்களை நானே இறக்கி, கயிறு போட்டுக் கட்டினேன். பிறகு முன்னால் வந்து உட்கார்ந்து மைல்கல்லை எண்ண ஆரம்பித்தேன். மைலுக்கு இரண்டு ராத்தல் என்பது என் அனுமானம். ஏற்றியிருந்த கரி நூறு ராத்தல். தாராளமாகப் போதும்.

ஏழரை மணி, செக்கானூரணி. அன்றைக்குச் சந்தை. கூடையும் கோழியும் சாக்குமாக ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். டிரைவர் மாயாண்டி இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடியும் சக்கரம் சுற்ற வேண்டுமே என்றார். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. மைலைத்தான் கணக்கில் எடுத்தேனே தவிர, நிற்கிற நேரத்தை எடுக்கவில்லை. ஓடாமலே கரி தின்கிற வண்டி இது! உடனே ஏணியில் ஏறி, பீப்பாய் மூடியைத் தூக்கிக் குச்சியை விட்டு அளந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அளந்தேன். ஒன்றல்ல, நாலு தடவை.

"மூடியத் தெறந்து தெறந்து பாக்காதீங்க சார். தெறந்தா மறுபடி லேசுல இறுக்கமாப் படியாது" என்றார் மாயாண்டி. நான் காதில் வாங்கவில்லை. இறங்கும்போது பாக்கியத்தை எட்டிப் பார்த்தேன். லேசாகத் தலை வலிக்கிறது, ஒன்றுமில்லை என்றாள். பஸ்ஸில் போனால் யாருக்குத்தான் வலிக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

கருமாத்தூர் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று, உசிலம்பட்டி வரை அலுப்புத் தெரியாது என்று சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன்.

ஒன்பது மணி சுமாருக்கு, உசிலம்பட்டிக்கு இரண்டு மைல் இருக்கையில், மாயாண்டி எதற்கோ திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். "வாத்தியாரே, படுதாவ யாரு எறக்குனது? பின்னாடி கரிக்காத்து அடையும்ல. எந்திரிச்சுப் போயி உங்க வீட்டம்மாவ எழுப்புங்க" என்றார்.

எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை அந்தப் பக்கம் சரிந்தது. உதடும் கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. போன மாதம்தான் நாலாம் பாரம் பையன்களுக்குப் போர்டில் எழுதிப் போட்டேன்: கரி அரைகுறையாக எரிந்தால் வரும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் ஏறி உடம்பைச் சிவக்க வைத்தே ஆளைக் கொல்லும் என்று. கண்ணுக்குத் தெரிந்த புகைக்குப் பயந்து படுதாவைக் கட்டிய முட்டாளும் நான்தான், படியாத மூடியைத் திறந்துவிட்டவனும் நான்தான்.

மாயாண்டியும் கண்டக்டருமாகச் சீட்டுப் பலகையோடு அவளைத் தூக்கி ஒரு புளியமரத்தடியில் கிடத்தினார்கள். சந்தைக்காரப் பெண்கள் முந்தானையால் விசிறினார்கள். எத்தனை நிமிஷம் என்று என்னால் சொல்ல முடியாது. கடிகாரம் சட்டைப்பையில் இருந்தது, பார்க்கத் தோன்றவில்லை. கடைசியில் அவள் வாந்தியெடுத்தாள், கண்ணைத் திறந்தாள். நான் அத்தனை பேர் முன்னிலையிலும் அழுதுவிட்டேன். மிச்சப் பன்னிரண்டு மைலும் அவளை முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில், காற்று படும்படி உட்கார வைத்துத்தான் போனோம். கரி போதுமா என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு எழுமலை. மாமனார் நொண்டிக்கொண்டே போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். அவள் பாக்கியத்தின் வயிற்றில் வெகுநேரம் கை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை அசைகிறதா என்று கேட்டாள். காலையில் மதுரையில் அசைந்தது, பிறகு தெரியவில்லை என்றாள் பாக்கியம். பொழுது சாய்கிற வரை அதே பதில்தான். மருத்துவச்சி நாளைக்குப் பார்ப்போம் என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை அதே பஸ்ஸில் நான் திரும்பியாக வேண்டும், லீவு இல்லை. முதலாளிக்கு மூன்று வரி எழுதி வைத்திருந்தேன். மைலுக்கு இரண்டரை ராத்தல். நிற்கும் நேரத்துக்குத் தனியாக மணிக்கு ஆறு ராத்தல். பின் சீட்டில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. மாயாண்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "மொத ரெண்டு வரிய ஆபீஸுக்கு அனுப்புவாரு. பின் சீட்டு ஆறு டிக்கெட்டு சார்" என்றார்.

ஏறுமுன் பாக்கியத்திடம் விடைபெறப் போனேன். நடு அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கேட்கப் பயமாக இருந்தது, கேட்டேன்.

"விடியக்காலையில அசைஞ்சுச்சுங்க. பயப்படாம போயிட்டு வாங்க."

அவள் அதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நிஜமாவா என்றேன். நிஜந்தான் என்று சேலைக் கரையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். வெளியே ஹாரன் அடித்தார்கள். மூன்றாம் தடவை கேட்க எனக்குத் தைரியமில்லை. போய் ஏறிக்கொண்டேன்.