ஒரு சொட்டும் குடிக்காத மொஸி

"க்ரீம் இன்னிக்குக் கறந்ததா, நேத்துக் கறந்ததா?" என்று அப்பா கேட்டார்.

கரண்டியின் முதுகில் க்ரீமை ஊற்றிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "முந்தாநாள் பால், டின்னி. இன்னிக்குக் கறந்தது கைக்குழந்தை மாதிரி. ஒரு இடத்துல உக்காராது."

நான் பட்டம் வாங்கிய நாள் அது. லிமெரிக்கில் வாடகை அங்கியைத் திருப்பிக் கொடுத்த கையோடு, அப்பா வண்டியை ஃபாயின்ஸ் துறைமுகத்து ஹோட்டலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் முதல் பட்டம். ஐரிஷ் காபி இல்லாமல் எப்படி? கரண்டியோடு நின்றவர் மொஸி கல்ஹேன். அப்பாவும் அவரும் பால் சொசைட்டியில் பழக்கம்.

மொஸிக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. காலைக் கறவையை முடித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். மாலைக் கறவை மனைவி பொறுப்பு. கோட்டில் சின்னதாக ஒரு சிவப்பு இதயம் குத்தியிருக்கும். குடிக்கமாட்டேன் என்று மாதா கோவிலில் சத்தியம் செய்தவர்களின் சின்னம். பன்னிரண்டு வயதில் செய்த சத்தியம். அவர் ஊற்றிய விஸ்கிக் காபி லட்சத்தைத் தாண்டும். நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. யாராவது சீண்டினால், "லிமெரிக் ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்குற டாக்டர் ஆம்பளைதான். அவரு எத்தனை பெத்தாராம்?" என்பார்.

கண்ணாடிக் கோப்பையில் முதலில் வெந்நீர். அது கோப்பையைச் சூடாக்கியதும் கொட்டிவிட்டு, பழுப்புச் சர்க்கரை, கொதிக்கும் காபி, விஸ்கி. கலக்கும்போது காதைக் கோப்பையருகே கொண்டுபோவார். "நறநறங்கிற சத்தம் நிக்கணும். அப்பத்தான் கரைஞ்சுதுன்னு அர்த்தம்." பிறகு மேலே மிதக்கும்படி குளிர்ந்த க்ரீம். குடிக்க வந்தவர் அதைக் கலக்கக் கரண்டியை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார். "கலக்காதீங்கம்மா, இது டீ இல்ல. குளிர்ச்சி வழியா சூட்டைக் குடிக்கணும்."

இந்தக் காபி பிறந்த ஊர் எங்கள் ஊர். 1943 குளிர்காலத்தில் புயலுக்குத் திரும்பிவந்த கடல் விமானத்துப் பயணிகள் நடுங்கிக்கொண்டு இறங்க, இங்கிருந்த சமையற்காரர் காபியில் விஸ்கியை விட்டாராம். "பிரேசில் காபியா?" என்று ஒருவர் கேட்டாராம். "ஐரிஷ் காபி!" என்றாராம் சமையற்காரர். மொஸி இதைச் சொல்லும்போது மார்பு ஒரு அங்குலம் விரியும். "அந்த விமானத்தைக் கயிறு போட்டு இழுத்தது எங்க பெரியப்பா. அவரும் அன்னிக்குக் குடிக்கல. அவருக்கு யாரும் குடுக்கல."

போன ஏப்ரலில் டப்ளினிலிருந்து ஃபின்டன் என்ற புது மேனேஜர் வந்தார். ஆகஸ்டில் அந்தக் கால விமானப் பயணிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருநூறு பேர் கூடும் விழா. மே மாதம் ஒருநாள், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே உட்கார்ந்திருந்தபோது, ஃபின்டன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"மொஸி, தப்பா நினைக்காதீங்க. விழாவுக்கு டப்ளின்லேருந்து ஆள் வருது. ருசியே தெரியாதவரை நம்பி எப்படி விடறது? ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, நீங்களே பண்ணுங்க."

மொஸியின் காது மடல் சிவந்தது. ஐம்பது வருடச் சத்தியம் ஒருபக்கம், இருநூறு கோப்பை ஒருபக்கம்.

"நீ பண்ணு தம்பி," என்றார். "மூணு கோப்பை. ஒண்ணுல மட்டும் வேணும்னே ஒரு தப்பு பண்ணு. குடிக்காமலே சொல்றேன். சொல்லலைன்னா உன் ஆளே வரட்டும்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஃபின்டன் செய்து முடித்ததும் வந்து, கண் மேசை மட்டத்துக்கு வரும்வரை குனிந்தார். ஒவ்வொரு கோப்பையின் அடியையும் விரலால் தொட்டார்.

"நடுவுல இருக்கறதுல சர்க்கரை இல்ல. சர்க்கரை கரைஞ்சிருந்தாத்தான் க்ரீம் மேல மிதக்கும். பாரு, நூல் நூலா உள்ள இறங்குது."

ஃபின்டன் ஒரு வாய் குடித்தார். "ஆமா," என்றார். யாரோ கை தட்டினார்கள். மொஸி கையைக் காட்டி நிறுத்தினார்.

"மத்த ரெண்டும் சரின்னு யாரு சொன்னா? கண்ணாடியைச் சூடு பண்ணாம ஊத்தியிருக்க. அடி ஜில்லுன்னு இருக்கு. பாதி குடிக்கறதுக்குள்ள ஆறிப்போயிடும்."

மூன்றையும் தொட்டியில் கொட்டினார். மதுக்கூடமே சிரித்தது, ஃபின்டனும் சிரித்தார். பிறகு அவரே ஒரு கோப்பையில் வெந்நீர் பிடித்து வைத்து, கரண்டியைத் துடைத்து, காம்புப் பக்கம் முன்னால் வருமாறு மொஸியிடம் நீட்டினார்.

ஆகஸ்ட் விழாவில் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்பையும் மொஸிதான் ஊற்றினார். இப்போதும் அதே மதுக்கூடத்தில் இருக்கிறார். திங்கள் தவிர, பகல் பன்னிரண்டு முதல் ஆறு வரை.