திருகாணி வாங்கிய டிவிடி ரைட்டர்

தையல் கம்பெனியில் அவனுக்குத் திருகாணி என்று பெயர். வைத்தவர்கள் அங்கே தைக்கிற பெண்கள். அறுபத்திரண்டு மெஷின் ஓடுகிற அந்த நீளக் கூடத்தில் எது முனகினாலும், சட்டைப் பையில் குத்தி வைத்த ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பான். அரைத் திருகு இந்தப் பக்கம், கால் திருகு அந்தப் பக்கம், பெடலை மிதிக்கச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்பான். தையல் ஒழுங்காக விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். மெஷின் எந்த மேஜையில் ஓடப்போகிறதோ அதே மேஜையில், ஓடப்போகிற அதே நூலைக் கோத்துத்தான் சோதிக்க வேண்டும். வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டிப் பார்க்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவன் கட்சி. பதினாறு வருஷமாக அந்தக் கட்சி தோற்றதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அவனை முட்டாள் என்று சொல்ல நாலு பேர் கிளம்பினார்கள். அவன் முட்டாள் இல்லை. இத்தனை வருஷமாகச் சோறு போட்ட பழக்கம்தான் அவன் காலை வாரியது.

அவன் மனைவி பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். மைக்கு அக்கா என்றால் டிரைவர், கண்டக்டர் அத்தனை பேருக்கும் தெரியும். விசாரணைக் கவுண்டருக்கு மேலே ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு மைக். எத்தனையாவது நடைமேடையில் எந்த வண்டி, எது தாமதம், யாருடைய பை காணோம், எந்தக் குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். வீட்டில் அந்தக் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. எண்ணெய்க் கறையோடு வருகிற சட்டைகளுக்காகத் தினம் ஒரு பாட்டு நடக்கும். இந்தச் சட்டையைத் துவைப்பதற்குப் பதிலாக உங்களையே ஒரு நாள் வாளியில் ஊறப்போட்டுவிடலாம் என்பாள். அவனும் பேசாமல் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடிப்பான். பதினோரு வருஷமாக அந்த வீடு அப்படித்தான் ஓடியது.

அந்தக் குரல் நாலு மாதமாகக் கம்மிக்கொண்டே வந்தது. வெந்நீர், உப்புத் தண்ணீர், மிட்டாய் மாத்திரை, எதற்கும் மசியவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டி. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், மூன்று வாரத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்றார். அதற்கப்புறம் கொஞ்சம்கூடப் பேச முடியாதா என்று அவள் கேட்டாள். டாக்டர் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்.

"பாப்பாவுக்கு ஆறு வயசுங்க. எங்கம்மா போனப்ப எனக்கும் ஆறு வயசு. அம்மா முகம் போட்டோல இருக்கு. எப்படிப் பேசினாங்கன்னு எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. நான் உயிரோட இருந்தே இவளுக்கு அப்படி ஆயிடக் கூடாது."

சரி, என்ன செய்யலாம்? இத்தனை வருஷம் மைக்கில் பேசினாளே, அங்கே இருக்காதா என்று விசாரித்தான். பஸ் ஸ்டாண்டில் அதையெல்லாம் யார் பதிந்து வைத்தார்கள்! அன்றன்றைக்குச் சொன்னது அன்றன்றைக்குக் காற்றில் போனது. கல்யாண வீடியோவில் வீடியோக்காரர் புண்ணியத்தில் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுத்தான், ஒருவர் பேசியதும் கேட்காது.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்பெனி ஆபீசில் புதிது வாங்கியபோது கழித்துக் கட்டியதை இவன் எடுத்து வந்திருந்தான். கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வந்து மைக் மாட்டச் சொன்னான். அவர் வாய் ஓயாத மனிதர், ஆனால் வேலை சுத்தம். பதிவுகள் போய்ச் சேர உள்ளே ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாமே என்று திரையின் முகப்பிலேயே அதற்கு ஒரு ஐகான் வைத்துக் கொடுத்தார். கீழே 'அம்மா' என்று பெயர். அதன் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று பொடியாக இருந்தது. அதை யார் கவனிக்கிறார்கள்!

முதல் நாள் அவளுக்கு அறிவிப்புக் குரல்தான் வந்தது. "பாப்பாவின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்துத் தானே சிரித்துவிட்டாள். அப்புறம் பழகிக்கொண்டாள். கம்மிய குரல்தான், என்றாலும் அவள் குரல். எழுப்புகிற மாதிரி, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, பொய்க் கோபத்தோடு அதட்டுகிற மாதிரி. பத்தொன்பது நாளில் நாற்பத்தொரு பதிவு. சிலவற்றை அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பதிந்தாள். மகள் பெரியவளானதும் கேட்க வேண்டியது, உங்களுக்கு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தான். குழந்தை கேட்டபோது, அம்மாவுடைய குரல் டிஸ்க்குக்குள் போகப்போகிறது என்று சொல்லி வைத்தான்.

ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோய் அரைமணி நேரப் பேச்சு காணாமல் போனது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பேசினாள். அதைப் பார்த்துக்கொண்டு அவனால் இருக்க முடியவில்லை. மறுநாளே, பதிவுகளை டிஸ்க்கில் ஏற்றி வைக்க டிவிடி ரைட்டரும் காலி டிஸ்க் அஞ்சும் வாங்கினான். கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்றார். மெக்கானிக்கிடமா! அவனே பெட்டியைத் திறந்தான். பழைய டிரைவை உருவி, புதியதைத் தள்ளி, நாலு திருகு முடுக்கி, பட்டை ஒயரைச் செருகி மூடினான். பட்டனைத் தட்டியதும் தட்டு நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே வந்தது. அந்த மூன்று வாரத்தில் அவன் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

பதிவெல்லாம் முடிந்ததும், டிஸ்க்கில் எழுதுவது சுலபமாகவே இருந்தது. முகப்பில் இருந்த 'அம்மா'வைப் பிடித்து இழுத்து எழுதும் கட்டத்தில் போட்டான், பட்டனை அமுக்கினான். ஒரே நிமிஷத்தில் முடிந்தது. நாற்பத்தொரு பதிவு ஒரு நிமிஷத்தில் எப்படி அய்யா ஏறும் என்று அவனைக் கேட்க அங்கே யாரும் இல்லை. புதுச் சாமான், வேகமான சாமான் என்று அவன் பெருமைப்பட்டான். எழுதியதும் வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். திருகாணியா கேட்பான்? எந்த மேஜையில் ஓடப்போகிறதோ அங்கேதான் சோதனை. அதே கம்ப்யூட்டரில், அதே டிரைவில் டிஸ்க்கைப் போட்டு, அதற்குள் இருந்த 'அம்மா'வை அமுக்கினான். நாற்பத்தொன்றும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியவற்றை மட்டும் திறக்கவில்லை. அந்த மட்டுக்கு நேர்மையான மனுஷன். மூன்று டிஸ்க் எழுதி மூன்றையும் அப்படியே சோதித்தான். ஒன்று பீரோவில், ஒன்று கம்பெனியில் அவன் டூல் பாக்ஸில், ஒன்று அவள் தங்கை வீட்டில்.

"இனிமே கத்தி வைக்கட்டும்" என்றாள் அவள். அவள் வாயிலிருந்து அவன் கேட்ட கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழந்தை சித்தி வீட்டில் இருந்தாள். இருபத்தாறு நாள் கழித்து, கழுத்துத் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணியும், கையில் ஒரு நோட்டும் பென்சிலுமாக அவள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே எழுதிக் கேட்டாள், பாப்பாவை எப்போது கூட்டி வருகிறீர்கள், எப்போது போட்டுக் காட்டுவீர்கள் என்று. அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். அது எழுந்திருக்கவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணுகிறது, புதிது போட்டுவிடலாம் என்று சொன்ன கடைக்காரர், பழையதில் ஏதாவது வேண்டுமா, முயன்று பார்க்கவா என்றும் கேட்டார். கேட்காமல் இல்லை. எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று இவன் கையை வீசிச் சொன்னான்.

அஞ்சாம் நாள் கம்ப்யூட்டர் வந்தது. குழந்தையும் வந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். மத்தியான மாத்திரை போட்டுக்கொண்டு மனைவி உள்ளறையில் தூங்கினாள். சாயங்காலத்துக்குத் தயாராக வைத்துவிடலாம் என்று அவன் பீரோவிலிருந்த டிஸ்க்கைப் போட்டு 'அம்மா'வை அமுக்கினான். சின்னப் பெட்டி ஒன்று வந்தது. நீங்கள் கேட்பது இங்கே இல்லை என்றது. தூசியாக இருக்கும் என்று டிஸ்க்கைச் சட்டையில் துடைத்துப் போட்டான். அதே பெட்டி. கம்பெனிக்கு ஓடி இரண்டாவதை எடுத்து வந்தான். அதே பெட்டி. சைக்கிளை மிதித்துக் கொழுந்தியாள் வீட்டுக்குப் போய் மூன்றாவதை வாங்கி, வீட்டுக்குக்கூட வராமல் நேரே கடைக்குப் போனான்.

கடைக்காரர் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார்.

"இதுல இருக்கறது உங்க பதிவு இல்லீங்க. நான் முகப்புல வெச்சுக் குடுத்த ஐகான்தான். பதிவு எங்க இருக்குன்னு சொல்ற சீட்டு. விலாசம் எழுதின சீட்டை மூணு காப்பி எடுத்துப் பத்திரமா வெச்சுருக்கீங்க."

"ஓடுச்சே! நான் கேட்டேனே, என் காதால கேட்டேனே."

"உங்க கம்ப்யூட்டர்ல ஓடும். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்குலதான எல்லாம் இருந்துச்சு."

பழைய ஹார்ட் டிஸ்க்? முந்தாநாள் பழைய சாமானோடு எடைக்குப் போய்விட்டது. எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு அங்கே ஓடினான். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளேயிருந்த பளபளப்பான தகடுகளைத் தட்டில் குவித்துக்கொண்டிருந்தாள். எது அண்ணா உங்களுடையது, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தட்டையே நகர்த்தினாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவன் ஒன்றைக் கையில் எடுத்தான், பிறகு வைத்துவிட்டான். சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

அவளிடம் ஸ்பீக்கர் சரியில்லை என்றான். மறுநாள், கடைக்காரர் ஊரில் இல்லை என்றான். அதற்கு மறுநாள் ஒயர் என்றான். பொய் சொல்லி வழக்கமில்லாதவன், ஒவ்வொரு பொய்யையும் சுவரைப் பார்த்துச் சொன்னான். குழந்தை வேறு, டிஸ்க்குக்குள் இருந்து அம்மா எப்போது பேசுவாள் என்று காலைச் சுற்றினாள். கம்பெனியில் மெஷின் சத்தம் காதில் ஏறவில்லை. சரியாக ஓடுகிற மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எதற்குப் பிரித்தோம் என்று தெரியாமல் நின்றான். செத்துப்போய்விடலாம் போல இருந்தது, அப்படியும் சொல்ல வாய் வரவில்லை.

நாலாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் பையில் ஒளித்து வைத்திருந்த டிஸ்க்குகள் மூன்றும் மேஜையில் வரிசையாக இருந்தன. திரையில் அந்தச் சின்னப் பெட்டி.

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சீட்டு, சோதனை, கடைக்காரர் கேட்டது, இவன் கையை வீசியது, சுத்தியல், தகடு. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் பேசி முடிக்கிறவரை அவள் குறுக்கே பேசவில்லை. அப்புறம் அழுதாள். அழுகைக்கும் சத்தமில்லை, கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் அடித்துக்கொண்டது. அவன் தரையில் உட்கார்ந்து நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"திட்டு. எழுதியாச்சும் திட்டிடு. உன் கால்ல விழறேன்."

அவள் பென்சிலை எடுத்தாள். ஒரே வரி எழுதித் திருப்பிக் காட்டினாள். 'பாப்பாகிட்ட நானே சொல்றேன்.'

அவன் அன்று வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. அவள் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தை எடுத்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். குழந்தை ஒன்றாம் வகுப்பு. தெரிந்த எழுத்து எது, தெரியாத எழுத்து எது என்று பார்த்துப் பார்த்து, பெரிய பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுதினாள்.

குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றிப் போட்டதும், அவள் கையைத் தட்டிக் கூப்பிட்டு மடியில் இருத்தி, நோட்டை விரித்தாள். குழந்தைக்கு ஒரே குஷி. எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, வகுப்பில் நிற்கிற மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"அம்... மா... அம்மா. கு... ர... ல்... குரல். டிஸ்... கில். இ... ல்... லை. இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இ... னி. வ... ரா... து. வராது."

விரலை எடுத்துவிட்டு, முகமெல்லாம் பூரிப்போடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பில்லாமப் படிச்சேனாப்பா?"

"படிச்சம்மா. ஒரு தப்பும் இல்ல."

இன்னொரு தடவை வேகமாகப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், அம்மாவின் மடியிலேயே நன்றாகச் சாய்ந்துகொண்டு, முன்னைவிடச் சத்தமாக முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.